நாலு நூறு

வரி வந்த நாளிலிருந்து, செல்போனில் பணம் அனுப்பித் தரும் 'மோமோ' கடைக்காரி கோர்க்கோரின் குடைக்கடியில் கூட்டம் பாதியாகிவிட்டது. கானா நாட்டுப் பணத்துக்குச் செடி என்று பெயர்; செல்போனில் ஒரு நாளைக்கு நூறு செடி வரியில்லாமல் அனுப்பலாம். அதற்கு மேல் போனால் நூற்றுக்கு ஒன்றரை செடி அரசாங்கத்துக்கு. காசோலை எழுதுகிற பெரிய மனிதர்களை அது தொடாது. சனாட்டுவைப் போன்ற சுமைக்காரிகளைத்தான் தொடும்.

அக்ரா சந்தையில் தலையில் அகலமான பேசின் பாத்திரத்தை வைத்து, பிறர் வாங்கிய கிழங்கைச் சுமப்பவள் சனாட்டு. வடக்கே சொந்த ஊரான கரகாவில் அவளுக்கு மூன்று ஏக்கர் நிலம் இருந்தது; தம்பி நைண்டோவிடம் விட்டுவந்த ஐந்து வயது மகளும் அங்கேதான். நிலத்தை உழுதுவிட்டால் விதைப்புக்கே ஊர் திரும்பிவிடலாம். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி டிராக்டர் கூலி நானூற்றைச் சேர்த்துவிட்டாள்.

"மொத்தமா போட்டா நாலரை செடி புடிச்சுக்குவான். தெனம் நூறு நூறா போடும்மா," என்றாள் கோர்க்கோர்.

நாலரை செடி என்றால், கழுத்து ஒடியச் சுமக்கும் ஒரு மூட்டையின் கூலி. சும்மா தூக்கிக் கொடுக்க யாருக்குத்தான் மனம் வரும்? திங்கட்கிழமை முதலாவது நூறு போயிற்று.

புதன்கிழமை மூன்றாவது நூறு போன பிறகு நைண்டோ கூப்பிட்டான்.

"அக்கா, இங்க நல்ல மழை. முழுக்காசும் இன்னிக்கே குடுத்தாத்தான் நம்ம வயல்ல எறங்குவாராம் டிராக்டர்காரரு."

கடைசி நூறு அவள் இடுப்பில்தான் இருந்தது. இப்போதே போட்டால் ஒன்றரை செடி போகும். ஒரு கிண்ணம் கஞ்சியின் விலை. மூன்று நாள் தப்பித்துவிட்டுக் கடைசியில் போய் மாட்டுவதா என்று அவளுக்கு வீம்பு.

"ஒரு ராத்திரிதானடா. அவரு கால்ல கையில விழுந்தாவது நிறுத்தி வை."

வியாழன் காலை முதல் வேலையாக நாலாவது நூற்றை அனுப்பினாள். கோர்க்கோரிடம், ஒரு பைசா வரி கட்டவில்லை என்று சிரித்துக்கூடச் சொன்னாள்.

மத்தியானம் தலையில் கிழங்கோடு நடக்கையில் போன் அடித்தது. பேசினை இறக்கிவிட்டு எடுத்தாள்.

"டிராக்டர் போயிருச்சுக்கா. பக்கத்து ஊர்ல நேத்தே மொத்தமா குடுத்துட்டாங்க. திரும்பி வர மூணு வாரமாகுமாம். அதுக்குள்ள மக்காச்சோளம் போடற பருவமே முடிஞ்சிரும்."

 போனில் அவனுக்குப் பின்னால், அம்மா எப்போ வருவா என்று மகள் கேட்டுக்கொண்டிருந்தாள். 

"காசைத் திருப்பி அனுப்பிடறேன்க்கா," என்றான் நைண்டோ. பிறகு தயங்கி, "மொத்தமா போடவா, நூறு நூறாவா?" என்று கேட்டான்.

கிழங்குக்குச் சொந்தக்காரி முன்னால் நின்று கையசைத்துக் கூப்பிட்டாள். சனாட்டு குனிந்து பேசினின் விளிம்பைப் பிடித்தாள்.

"நூறு நூறாவே போடுடா. இனிமே என்ன அவசரம்."