ஆறடிக்கு வெட்டிய குட்டை

1976 சித்திரையில், நெம்மேலிக்கு வடக்கே ஓவர்சியர் சடையப்பன் பஸ்ஸை விட்டு இறங்கினார். கையில் டேப்பும் மூங்கில் அளவுகோலும், பையில் ஒரு ஃபைலும் இருந்தன. கடலோரத்தில் ராஜம் என்ற அம்மாளின் வீட்டு வளாகத்துக்குள் வெட்டியிருந்த புதுக் குட்டையை அளந்து பார்த்து, உத்தரவுப்படி இருக்கிறது என்று அவர் எழுதித் தரவேண்டும்.

அந்த வீடு நிற்கிற இடத்தில் இரண்டு வருஷத்துக்கு முன்பு ஒரு கோரைக்குட்டை இருந்தது. அரை ஏக்கர் களிமண் பள்ளம். மழைத் தண்ணீர் ஆடி வரை நிற்கும். குப்பத்துப் பெண்கள் அங்கேதான் குடிக்கத் தண்ணீர் மொண்டார்கள். கோரையை அறுத்துப் பாய் முடைகிறவர்களுக்கு விற்றார்கள். ராஜத்தின் கணவர் சென்னையில் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சுற்றியிருந்த நிலத்தை வாங்கிய அவர், நடுவில் கிடந்த பொதுக் குட்டைக்குப் பதிலாகத் தன் நிலத்திலேயே வேறொன்று வெட்டித் தருவதாகச் சர்க்காருக்கு எழுதிக் கொடுத்தார். அதே பரப்பு, அதே ஆழம், கரையில் கோரை, குப்பத்தார் வந்துபோக வழி என்று உத்தரவு வந்தது. பழைய குட்டையைத் தூர்த்தார்கள், வீடு எழும்பியது. குடிவந்த ஆறாம் மாதம் டாக்டர் இறந்துபோனார்.

சடையப்பன் நீளம், அகலம் அளந்தார். சரியாக இருந்தது. ஒரு பழைய கட்டுமரத்தில் நடுவுக்குப் போய்க் கோலை இறக்கினார். ஆறடி. அந்த வெயிலிலும் தண்ணீர் வற்றாமல் நின்றதைப் பார்த்து அவருக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

"எல்லாம் சரியா இருக்கா சார்?" என்று கரையிலிருந்து ராஜம் கேட்டார். "ஒரு குறையும் இருக்கக்கூடாதுன்னு அவர் தினமும் நின்னு பார்த்தார்."

"அளவெல்லாம் கரெக்டா இருக்கும்மா."

அப்புறம்தான் கரையைப் பார்த்தார். நட்ட கோரை முழுக்கக் கருகி, அடிக்கட்டை மட்டும் நின்றது. தண்ணீர் விளிம்பில் சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளைக் கோடு. தவளை இல்லை, பூச்சி இல்லை, ஒரு கொக்கும் இல்லை. சடையப்பன் குனிந்து ஒரு கை அள்ளி வாயில் வைத்தார். உடனே துப்பினார்.

"இன்னா சார், இப்பத்தான் வாயில வெச்சுப் பாக்கிறியா?"

வழியோர வேலிக்கு அந்தப் பக்கம் பூவாயி நின்றிருந்தாள். மீன் கூடை சுமக்கிற குப்பத்துப் பெண். இந்தக் குட்டை வெட்டியபோது கூலிக்கு மண் சுமந்தவள். அவளைப் பார்த்ததும் சடையப்பனுக்கு, தானே நின்று இதை வெட்டவைத்த அந்த நாள் அப்படியே நினைவுக்கு வந்தது.

மூன்றடி தோண்டியதுமே மணலில் தண்ணீர் சுரந்தது. பூவாயி கையில் ஏந்திக் குடித்துவிட்டு அவரிடம் வந்தாள். "சார், தேனாட்டம் கீது. இத்தோட வுட்ரு. இன்னும் கீய போனா உப்பு ஏறிக்கும்" என்றாள். அவர் ஃபைலைப் பிரித்துக் காட்டினார். "ஆர்டர்ல ஆறடி போட்டிருக்கு. உனக்கு என்னம்மா தெரியும்?" ஐந்தாவது அடியில் தண்ணீர் கரிக்கிறது என்று ஆட்கள் சொன்னார்கள். நாலு மழை பெய்தால் சரியாகிவிடும் என்று அவரே தேற்றிக்கொண்டு, ஆறாவது அடியையும் வெட்டவைத்தார்.

ராஜம் இறங்கி வந்து தண்ணீரை நாக்கில் தொட்டுப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. "அவர்கிட்ட யாருமே சொல்லலையே" என்றார்.

"சார்கிட்ட சொன்னேம்மா" என்றாள் பூவாயி.

ராஜம் அவரைப் பார்த்தார். உத்தரவைச் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஃபைல் கையில்தான் இருந்தது.

"சொன்னாங்க" என்றார் சடையப்பன். "நான்தான் கேக்கலை."

அன்றைக்கு அவர் சான்று எழுதவில்லை. வீட்டுக்குப் போய் மூன்று பக்கத்துக்கு அறிக்கை எழுதினார். பழைய குட்டைக்கு அடியில் களிமண் இருந்தது, இங்கே வெறும் மணல், அதிகம் தோண்டியதால் கீழேயிருந்து உப்பு ஏறிவிட்டது, தோண்டச் சொன்னது நான் என்று எல்லாவற்றையும் எழுதி மேலிடத்துக்கு அனுப்பினார்.

பதிலுக்குக் காத்திராமல் ராஜம் கடலை விட்டுத் தள்ளியிருந்த மேற்கத்தி ஊர்களிலிருந்து வண்டி வண்டியாக ஏரிக் களிமண் வரவழைத்தார். தண்ணீரை இறைத்துவிட்டு மூன்றடிக்குக் களிமண் கொட்டி மிதிக்கவைத்தார்கள். லீவு நாளிலெல்லாம் சடையப்பன் வந்து நின்றார். ஐப்பசி மழையில் குட்டை நிறைந்தது, தண்ணீர் தித்தித்தது. தவளைகூடக் கத்தியது. பூவாயி எங்கிருந்தோ கோரைக்கிழங்கு கொண்டுவந்து ஊன்றினாள். தை மாதம், பக்கத்து மணல் வழியாக உப்பு ஊறித் தண்ணீர் லேசாகக் கரித்தது. பங்குனியில் வாயில் வைக்க முடியவில்லை. கோரை மறுபடி கருகியது.

அந்தப் பங்குனியில்தான் மேலிடத்துப் பதிலும் வந்தது. அளவுகள் உத்தரவுக்குப் பொருந்துவதால் மேல் நடவடிக்கை தேவையில்லை, கோப்பு முடிக்கப்படுகிறது. இரண்டே வரி. அவர் தவற்றைப் பற்றி ஒரு சொல் இல்லை. விளக்கம் கேட்டு ஒரு மெமோவாவது வரும் என்று ஒரு வருஷமாக எதிர்பார்த்திருந்தவர், தாளைத் திருப்பி மறுபக்கத்தையும் பார்த்தார்.

மறுநாள் முதல் பஸ்ஸில் போனார். ராஜத்தின் வீட்டு கேட்டுக்கு வெளியே பெண்கள் குடங்களோடு வரிசையாக நின்றிருந்தார்கள். வீட்டுக் கிணற்றை அந்த அம்மாள் அவர்களுக்குத் திறந்துவிட்டிருந்தார், காலையில் ஒரு மணி நேரம். பழைய குட்டை இருந்த இடத்துக் கிணறு. தண்ணீர் நன்றாக இருந்தது.

பூவாயி வரிசையை விட்டு அவரிடம் வந்தாள். பதில் வந்ததைச் சொன்னார். அவள் தலையாட்டினாள்.

"கிணத்துத் தண்ணி நல்லா கீது சார். அந்தம்மாவும் நல்லவங்கதான், ஒரு வார்த்த சொன்னதில்ல. ஆனா நம்ம குட்டைக்குப் போறதுக்கு நாங்க யாரையும் கேட்டுக்கினு நின்னதில்ல."

"தப்பு என்னுதும்மா" என்றார். "அன்னிக்கு உன் பேச்சைக் கேட்டிருக்கணும்."

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்துத்தான் வந்திருந்தார். திட்டியிருந்தால் தேவலை என்றும் இருந்தது.

"வுடு சார். நீ இன்னா வேணும்னேவா செஞ்ச?"

உள்ளே தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. பூவாயி குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, தன் இடம் போய்விடுமே என்று வரிசைக்கு ஓடினாள்.