ஸ்கேன் அறையின் மெல்லிய குரல்

பதினெட்டு வருஷமாக ஊரார் உடம்பையெல்லாம் எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் அனுப்பிப் படம் எடுத்தவர், அன்று தானே உள்ளே போனார். உடம்புக்கு ஒன்றுமில்லை, கல்லைத் தின்றாலும் செரிக்கிற வயிறு. ஆனால் ஆரோக்கியமானவர்களுக்கும் தலைமுதல் கால்வரை ஸ்கேன் எடுத்து, புற்றுநோய் இருந்தால் முளையிலேயே பிடித்துவிடலாம் என்று ஆஸ்பத்திரி புதுத் திட்டம் போட்டிருந்தது. முதலில் ஊழியர் ஒருவரை வைத்துப் பார்க்க வேண்டும். எல்லோரும் நழுவினார்கள், இவர் மாட்டிக்கொண்டார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கூட வேலை பார்ப்பவள். வாய் ஓயாததால் அவளுக்கு ரேடியோ என்று பெயர்.

“மூளை இருக்கான்னு முதல்ல பாத்துடறேண்ணே” என்றாள் ஹெட்போனில்.

குழாய் தட்டத் தொடங்கியது. பிறகு நீண்ட ரீங்காரம். அதற்குள் அவர் மெல்லக் கரைந்துபோனார். உடம்பு பெரிய வீடாகிவிட்டது. யாரோ விளக்கோடு அறை அறையாகப் போனார்கள். நெஞ்சில் ஜன்னல்கள் திறந்திருந்தன; ஈரல் பக்கம் துணி காயப்போட்டிருந்தது. கடைசி அறையில் அவருடைய அண்ணன் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். இவர் கையை நீட்டினார்.

தட்டல் நின்றது.

“கொஞ்சம் பொறுங்கண்ணே. வயித்துப் பக்கம் இன்னொரு தடவ எடுத்துக்கறேன்.” ரேடியோவின் குரல் பஞ்சாக இருந்தது.

அந்தக் குரலை அவருக்குத் தெரியும். படத்தில் எதையாவது பார்த்துவிட்டால் ஸ்கேன் எடுப்பவர்களுக்குக் கேலி நின்றுவிடும், குரல் தானாக இளகிவிடும். வாயைத் திறந்து சொல்லவும் கூடாது. டாக்டர்தான் சொல்ல வேண்டும். நான்கு வருஷத்துக்கு முன் அண்ணி இதே படுக்கையில் கிடந்தாள். கட்டியைக் கண்ணால் பார்த்துவிட்டு, வெளியே காத்திருந்த அண்ணனிடம் “ஒண்ணுமில்லண்ணே” என்று இந்தக் குரலில்தான் இவர் சொன்னார். நாலு நாள் கழித்து ரிப்போர்ட் வந்தது. அண்ணி பிழைத்துக்கொண்டாள். அண்ணன் தம்பி பேச்சுதான் பிழைக்கவில்லை. “தெரிஞ்சும் சொல்லலையேடா” என்றதோடு சரி.

மறுபடி ரீங்காரம். பயத்தோடு, வெட்கக்கேடு, ஒரு நிம்மதியும் வந்தது. நோய் என்றால் அண்ணன் ஓடி வந்துவிடுவார். வீட்டின் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன.

வெளியே வந்ததும் ரேடியோ பிடித்துக்கொண்டாள். “தூக்கத்துல ‘அண்ணே’ன்னு கூப்பிட்டுக் கைய வேற நீட்டினீங்க. படம் கலங்கிப்போச்சு. அழறீங்களோன்னு எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு.”

டாக்டர் பார்த்துவிட்டு, உடம்பு சுத்தமாக இருக்கிறது என்று முதுகில் தட்டினார்.

சந்தோஷப்பட வேண்டிய மனுஷனுக்கு அழுகை முட்டியது. ஒரு சாக்கும் இல்லாமல் அண்ணனை எப்படிக் கூப்பிடுவது? உடை மாற்றும் அறையில் உட்கார்ந்து, கூப்பிட்டேவிட்டார்.

“என்னடா, உடம்புக்கு என்ன?”

“முழு ஸ்கேன் எடுத்தாங்கண்ணே. ஒண்ணுமில்ல.”

மறுமுனையில் பஸ் நிலையத்தின் இரைச்சல். அண்ணன் பஸ் டிரைவர்.

“நீ ஒண்ணுமில்லன்னு சொன்னா எனக்கு ஈரக்கொலை நடுங்குதுடா” என்றார். “படத்த எடுத்துக்கிட்டு இப்பவே வீட்டுக்கு வா. நானே பாக்கணும்.”

அந்தப் படத்தில் அண்ணனுக்கு ஒரு மண்ணும் புரியாது.

“வரேண்ணே” என்றார் இவர்.