காருக்கு ஒன்பது அடி

மேஸ்திரி வாசலில் இழுத்த அளவு நாடாவை அண்ணன் காலால் மிதித்து நிறுத்தினான்.

"இன்னிக்கு வேலை வேண்டாம் மேஸ்திரி. உள்ள அம்மா இருக்கிற நிலைமை தெரியும்ல?"

தங்கை வாய் திறப்பதற்குள் படுக்கையறை ஜன்னலிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "அவர உள்ள வரச் சொல்லு."

இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று மருத்துவர் வீட்டுக்கு அனுப்பி ஒரு வாரம் ஆகியிருந்தது. முப்பது வருஷம் கட்டட வரைபட அலுவலகத்தில் கோடு போட்டவள் அம்மா. நுரையீரல் கைவிட்ட பிறகும், தலையணையில் சாய்ந்தபடியே வாசலுக்குத் தானே வரைபடம் போட்டாள். கார் நிற்க ஒரு பக்கம் ஒன்பது அடி. மிச்சமெல்லாம் மண், செடி, நடுவே வளைந்துபோகும் கல் பாதை.

மேஸ்திரி கட்டிலருகே தயங்கி நின்றார். "கணக்கு நாப்பதாயிரம் கூடுதலா வருதும்மா."

"விளக்கு வேண்டாம். கல் பெஞ்சு வேண்டாம்." வரைபடத்தில் பென்சிலால் ஒவ்வொன்றாக அடித்தாள். ஒவ்வொரு அடிக்கும் ஒரு மூச்சு. "மண்ணுல மட்டும் கை வெக்காதீங்க. ரெண்டடி ஆழம், நல்ல மண்ணு."

"முழுசா காங்கிரீட் போட்டா ரெண்டு வண்டி நிக்கும்மா," என்றான் அண்ணன். "தோட்டத்த யாரு பாக்கப்போறா?"

"நான் பாக்கமாட்டேன். அதத்தானே சொல்ல வர்ற? தாராளமா சொல்லு. அதுக்காக என் மண்ண மூட விடமாட்டேன்."

பதினொன்றேகாலுக்கு, தங்கை ஈரத்துணியோடு திரும்பி வந்தபோது, அம்மா போயிருந்தாள். பென்சிலை விரல்களிலிருந்து மெதுவாகத்தான் எடுக்க முடிந்தது.

வெளியே அண்ணன் மேஸ்திரியிடம் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தான். "காரியமெல்லாம் முடியட்டும். அப்புறம் முழுசா காங்கிரீட்டே போட்டுடலாம்."

மேஸ்திரி நாடாவைச் சுருட்டத் தொடங்கினார். தங்கை படியிறங்கி வந்து அதன் நுனியைப் பிடித்தாள்.

"சுருட்டாதீங்க. கோடு போடுங்க."

"உனக்கென்ன பைத்தியமா? அம்மா உள்ள கிடக்கிறாங்க. நாலு பேர் வந்தா என்ன சொல்வாங்க?"

"வர்றவங்க வண்டிய தெருவுல விட்டுட்டு நடந்து வரட்டும். மேஸ்திரி, ஒன்பது அடி. ஒரு அங்குலம் கூடக்கூடாது. கல் பாதைக்கும் அம்மா வரைஞ்ச வளைவுலயே கோடு போடுங்க."

மேஸ்திரி அண்ணனைப் பார்த்தார். பிறகு குனிந்து சுண்ணாம்புத் தூளை அள்ளினார். அவள் நாடாவை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

மாலையில் சவ வண்டி வந்தது. "வாசப்படி வரைக்கும் பின்னால கொண்டு வரட்டுமா?" என்று ஓட்டுநர் கேட்டார்.

"வேண்டாம். தெருவுலயே நிக்கட்டும்," என்றாள் தங்கை.

நான்கு பேர் அம்மாவைத் தூக்கினார்கள். முன்னால் அண்ணன். வாசலில் இன்னும் வெறும் மண்தான். நேராகப் பத்து எட்டு வைத்தால் தெரு. அண்ணன் ஒரு கணம் நின்று கீழே பார்த்தான். பிறகு கல் பாதைக்குப் போட்ட வெள்ளைக் கோட்டை ஒட்டி வளைந்து நடந்தான். மற்ற மூவரும் அவனோடு வளைந்தார்கள்.