சிம்னிக்குக் காட்டிய சூடம்

எழுபத்தோராயிரத்து நானூற்று ஐம்பது ரூபாய். லிங்லிங் சைனீஸ் பஃபே முதலாளி நாகராஜ், தகரவேலை செய்யும் இனாயத்துக்குத் தர வேண்டிய பாக்கி அது. அடையாறு கிளைக்குச் சிம்னி அடித்துப் பொருத்தியதில் நாற்பத்தெட்டாயிரம். மீதி, தி.நகரிலும் மயிலாப்பூரிலும் புகைக்குழாய் சுரண்டிய கூலி. கேட்கப் போனபோதெல்லாம் இனாயத்துக்கு ஒரு தட்டு ஃப்ரைட் ரைஸ் கிடைத்தது. பணம் கிடைக்கவில்லை.

அப்படிக் காத்திருந்த நேரங்களில் அவர் அடையாறு ஹாலின் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். ‘எங்கள் கதை’ என்று சிவப்பு எழுத்தில் போட்டு, லிங்லிங்கின் சரித்திரத்தை வரிசையாகப் படம் வைத்து எழுதியிருந்தார்கள். கல்கத்தாவில் ஒரு சீன மாஸ்டர் நாகராஜுக்குத் தொழில் கற்றுக்கொடுத்து, கடைக்குப் பெயரும் வைத்துக் கொடுத்தாராம். இனாயத் அதைப் படிக்கும்போதெல்லாம் சிரிப்பை அடக்கிக்கொள்வார். நாகராஜ் அரக்கோணத்தைத் தாண்டி ரயில் ஏறியதில்லை. ஒரு பெரிய ஓட்டலில் முட்டைகோஸ் நறுக்கிக்கொண்டிருந்தவர், மேனேஜரோடு சண்டை போட்டு வெளியே வந்து, சுனாமி வந்த வருஷம் பனகல் பார்க் பக்கத்துச் சந்தில் கைவண்டி போட்டார். ஆளைக் கூப்பிட வாணலியின் விளிம்பில் கரண்டியால் லிங் லிங் என்று தட்டுவார். ஜனங்கள் அதையே பெயராக்கிவிட்டார்கள்.

வண்டி போட்ட மூன்றாம் மாதமே வில்லங்கம் வந்தது. மிளகாய் நெடி தாங்காமல் மாடி வீட்டுக்காரர்கள் புகார் கொடுத்தார்கள். போலீஸ் வந்து இரண்டு தடவை வண்டியைத் தூக்கிப்போனது. அப்போது ஈக்காட்டுத்தாங்கலில் தகரப் பட்டறையில் கூலிக்கு இருந்த இனாயத்தான் எண்ணெய் டின்களை வெட்டி விரித்து, ஒரு பழைய ஃபேனை உள்ளே வைத்து, விளக்குக் கம்பம் உயரத்துக்குக் குழாய் ஏற்றி ஒரு சிம்னி செய்து கொடுத்தார். நெடி மேலே போனது. புகார் நின்றது. கூலி முந்நூற்றைம்பது. அன்றைக்கே கையில் வைத்தார் நாகராஜ்.

அந்த வருஷ ஆயுத பூஜைக்கு அவர் அடுப்புக்குச் சூடம் காட்டிவிட்டு, தட்டை அப்படியே உயரத் தூக்கி, சிம்னியின் வாய்க்கும் காட்டினார்.

“அடுப்பு எவன் வேணா வாங்குவான் பாய். என்னை இந்தத் தெருவுல நிக்க வெச்சது உன் சிம்னிதான். அதான் எனக்கு லட்சுமி.”

இனாயத்துக்குக் கண் கலங்கியது. இருபது வருஷமாக நாகராஜ் அந்த வழக்கத்தை விடவே இல்லை. கிளைக்குக் கிளை, பூஜைக்குப் பூஜை, கடைசித் தீபம் சிம்னிக்குத்தான்.

வண்டி தி.நகர் முதல் மாடிக்கு ஏறியது. பிறகு மயிலாப்பூரில் வெங்காயம் பூண்டு இல்லாத சைனீஸ் என்று ஒரு கிளை. “எங்காத்துல பண்ற மாதிரியே இருக்கே” என்று ஒரு மாமி சொன்னதை நாகராஜ் புகழ்ச்சியா திட்டா என்று தெரியாமல் ஒரு வாரம் எல்லாரிடமும் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகுதான் அடையாறு. நானூற்றுத் தொண்ணூற்றொன்பது ரூபாய்க்கு அறுபத்துநாலு அயிட்டம், வயிறு கொள்ளும்வரை. ஞாயிற்றுக்கிழமை படிக்கட்டு வரை வரிசை நின்றது.

பஃபேயில் தட்டு காலியாகத் தெரியக் கூடாது. அதனால் அடுப்பு அணையவே அணையாது. காலை பத்து மணிக்கு ஏற்றினால் இரவு பதினொன்று வரை வாணலியில் எண்ணெய் கொதிக்கும். அந்த ஆவி சிம்னிக்குள் ஏறி, டக்ட் என்று அவர்கள் சொல்லும் பெரிய தகரக் குழாய்க்குள் படியும். அடையாறில் அந்த டக்ட் சமையல்கட்டிலிருந்து கிளம்பி, பின்படிக்கட்டை ஒட்டி மொட்டைமாடிக்குப் போய் அங்கே வாய் திறந்திருந்தது. எந்தக் கிளை அழுக்கு என்று இனாயத் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். மயிலாப்பூர் அழுக்கு பொருக்கு மாதிரி உதிரும். தி.நகர் அழுக்கு சிவப்பு. அடையாறு அழுக்கு கறுத்து, ஈரமாக, அல்வாவைப் போல விரலோடு வரும்.

சுரண்டி முடித்ததும் அவருக்கு ஒரு பழக்கம். டக்டின் உள்சுவரில், சிம்னிக்கு நேர் மேலே, ஆணியால் தேதியைக் கீறிவிடுவார். அடுத்த தடவை சுரண்டும்போது அந்தத் தேதி தட்டுப்பட்டால் தகரம் வரை வந்துவிட்டோம் என்று அர்த்தம். அடையாறில் அவர் கடைசியாகக் கீறியது 6-8-24. அதற்குப் பிறகு அந்த டக்டை யாரும் திறக்கவில்லை. ஒரு நாள் அடுப்பை அணைக்க நாகராஜ் சம்மதிக்கவில்லை.

இந்த வருஷம் செப்டம்பர் கடைசியில் அவரே கூப்பிட்டனுப்பினார்.

“கொட்டிவாக்கத்துல புதுக் கடை வருது பாய். பேங்க்ல, இன்சூரன்ஸ்ல, எல்லா எடத்துலயும் டக்ட் கிளீனிங் சர்டிபிகேட் கேக்குறான். உன் ஸ்டிக்கர் ஒண்ணு சிம்னில ஒட்டு. போட்டோ எடுத்து அனுப்பிடுறேன்.”

“சுத்தம் பண்ணாம எப்படி ஒட்டுறது?”

“ஒரு நாள் மூடினா ரெண்டு லட்சம் போவுது. பூஜை லீவு வேற வருது. கூட்டம் அள்ளும். இப்ப எப்படி மூடறது, சொல்லு?”

“உள்ள எண்ணெய் விரல் கனத்துக்கு நிக்குது நாகராஜு. ஒரு பொறி போதும்.”

“பதினாலு மாசமா பொறி வர்ல. இந்த வாரம்தான் வரப்போவுதா?” நாகராஜ் சிரித்தார். பிறகு குரலை இறக்கினார். “உன் பாக்கி மொத்தமும் புதன்கெழமை பூஜையில வெச்சுக் குடுக்குறேன். எழுவத்தோராயிரத்து நானூத்தம்பது. ஒரு ரூபா கொறயாது.”

இனாயத் முடியாது என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தார். ஆனால் ஈக்காட்டுத்தாங்கலுக்குத் திரும்பியபோது பட்டறையின் ஷட்டரில் அவருடைய பூட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு பூட்டு தொங்கியது. இடத்துக்காரருக்கு ஐந்து மாத வாடகை பாக்கி, அறுபதாயிரம். அவருடைய வெல்டிங் செட்டும், டக்ட் கழுவுகிற பிரஷர் மெஷினும் உள்ளே இருந்தன. மெஷின் இல்லாமல் அடையாறை மட்டுமில்லை, எந்த டக்டையும் அவரால் சுத்தம் செய்ய முடியாது.

அந்தப் பூட்டின் முன்னால் நின்றுகொண்டுதான் அவர் கணக்குப் போட்டார். புதன்கிழமை ஸ்டிக்கர் ஒட்டுகிறோம். பணம் வாங்குகிறோம். வாடகையைக் கட்டி மெஷினை எடுக்கிறோம். அடுத்த செவ்வாய் லிங்லிங்கில் கூட்டம் இருக்காது. அன்றைக்கு நாகராஜ் காலில் விழுந்தாவது அடுப்பை அணைக்கச் சொல்லி சுரண்டிவிடலாம். நடுவில் ஆறே நாள். பதினான்கு மாதம் ஒன்றும் ஆகவில்லை, ஆறு நாளிலா ஆகிவிடும்? நாகராஜ் சொன்ன அதே பேச்சைத் தானும் பேசுகிறோம் என்பது அவருக்கு உறைக்காமல் இல்லை.

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு அடையாறு போனார். சமையல்கட்டு கல்யாண வீடு மாதிரி இருந்தது. அடுப்புகள் பளபளவென்று தேய்க்கப்பட்டு, சந்தனம் குங்குமம் வைத்திருந்தது. வாணலி, கத்தி, மாவு மெஷின் எல்லாம் வரிசையில். பாத்திரம் கழுவும் ஆரோக்கியமேரி தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கூவம் கரையில் இருந்தவளை ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் குடிவைத்துவிட்டார்கள். விடியற்காலை பஸ் பிடித்து இரண்டு வண்டி மாறி வருகிறவள்.

இனாயத் ஸ்டூல் போட்டு ஏறினார். சிம்னியின் நெற்றியில் ஸ்டிக்கரை ஒட்டி உள்ளங்கையால் தேய்த்தார். ‘டக்ட் சுத்தம் செய்த தேதி 28-9-25. இனாயத், ஈக்காட்டுத்தாங்கல்.’ கீழே போன் நம்பர்.

“இன்னா பாய் ஒட்டுற?”

“சுத்தம் பண்ண சீட்டு.”

“எப்ப பண்ண? நா பாக்கவே இல்லயே.”

“ஞாயித்துக்கெழம.”

“அன்னிக்கு எனக்கு லீவு.” அவள் முகம் மலர்ந்தது. “அப்ப சுத்தமாயிடுச்சா? நல்ல வேலை பண்ண போ. மூணாவது அடுப்பு மேல எண்ணெ சொட்டிக்கினே கீது. தெனமும் ஒரு தட்டு வெச்சுப் புடிப்பேன். மாஸ்டரு அத மழை தட்டுன்னு கிண்டல் பண்ணுவாரு. இனிமே அது வாணாம்தானே?”

இனாயத் ஸ்டூலிலிருந்து இறங்கினார். அவளைப் பார்க்காமல், “வாணாம் மேரிம்மா. இப்ப சொட்டறது பழைய மிச்சம்” என்றார்.

அவள் அந்தத் தட்டை எடுத்து, அதிலிருந்த கறுப்பு எண்ணெயைக் கொட்டிவிட்டுத் தேய்க்க உட்கார்ந்தாள்.

பதினொன்றரைக்கு நாகராஜ் பட்டு வேட்டியில் வந்தார். சாமி படங்களுக்கு முன்னால் பொரி, சுண்டல், பூசணிக்காய், கணக்கு நோட்டு. நோட்டின் மேல் மஞ்சள் தடவிய ஒரு கவர். இனாயத்தைப் பார்த்துக் கண்ணால் அதைக் காட்டினார். இனாயத் சுவர் ஓரமாக நின்றார். சாம்பிராணிப் புகை ஹாலுக்குப் போய்விடக் கூடாது, பன்னிரண்டு மணிக்குப் பஃபே திறக்க வேண்டும் என்று யாரோ சிம்னி ஃபேனை முழு வேகத்தில் போட்டார்கள். புகை கயிறு திரித்த மாதிரி மேலே ஏறியது.

அது ஏறுகிற வேகத்தைப் பார்த்துத்தான் இனாயத் அண்ணாந்தார். சிம்னியில் ஃபில்டர்கள் இல்லை. சாதாரணமாக டக்டின் வாயை அடைத்துக்கொண்டு நிற்கிற ஆறு கம்பிச் சல்லடைகளையும், அவர் ஸ்டிக்கர் ஒட்டி இறங்கிய பிறகு, பூஜைக்காகக் கழற்றிக் கழுவியிருந்தார்கள். டக்டின் கறுத்த வாய் அப்படியே திறந்து கிடந்தது. விளிம்பில் எண்ணெய் சொட்டுச் சொட்டாகத் தொங்கியது.

“ஃபில்டர் எங்க?”

“மேரிதான் மாடியில காய வெச்சிருக்கு. எடுத்தாரப் போயிருக்கு” என்றார் மாஸ்டர் மதிவாணன். “டக்ட் வாயாண்ட காத்து அடிக்குதுல்ல, அங்க வெச்சா சீக்கிரம் காயும்.”

நாகராஜ் அடுப்புகளுக்குக் காட்டி முடித்துவிட்டார். தட்டில் இன்னும் ஒரு கைப்பிடி சூடத்தைப் போட்டார். தீபம் ஒரு முழத்துக்கு எழும்பியது. குதிகாலை உயர்த்தித் தட்டைத் தூக்கினார்.

“நாகராஜு, வேணாம்! எறக்கு!”

நாகராஜ் திரும்பிப் பார்த்தார். கை இறங்கவில்லை. பக்தியில் கத்துகிறான் என்று நினைத்தாரோ என்னவோ, சிரித்தார். சுடர் ஒரு பக்கமாக வளைந்தது, நீண்டது, உள்ளே இழுபட்டது. அவ்வளவுதான். பழைய வேட்டியை யாரோ நுனியிலிருந்து நுனிவரை கிழிக்கிற மாதிரி ஒரு சத்தம் சிம்னிக்குள் புறப்பட்டு, சுவருக்குள் புகுந்து, மேலே மேலே போனது.

இனாயத் ஃபேன் சுவிட்சை அணைத்தார். “கேஸை மூடு, எல்லாரும் வெளிய போ” என்று கத்தியபடியே பின்படிக்கட்டில் ஏறினார். டக்டின் தகரம் பக்கத்திலேயே செக்கச் சிவந்து வந்தது. அவர் மூன்று மாடி ஏறுவதற்குள் அது மேலே போய்ச் சேர்ந்துவிட்டது.

ஆரோக்கியமேரி தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் கிடந்தாள். டக்டின் வாயிலிருந்து நெருப்பு ஆள் நீளத்துக்கு வந்துகொண்டிருந்தது. சுற்றிலும் ஃபில்டர்கள் சிதறியிருந்தன. ஒன்றை மட்டும் அவள் மார்போடு பிடித்திருந்தாள். வலது கையும் முதுகும் வெந்திருந்தன. சேலை எது, தோல் எது என்று தெரியவில்லை. முன்படிக்கட்டு வழியாக அவளைத் தூக்கி இறங்கும்போது ஒரே ஒரு தடவை பேசினாள்.

“சுத்தமாயிடுச்சின்னு சொன்னியே பாய்.”

வெள்ளிக்கிழமை இனாயத்தை அடையாறுக்கு வரச் சொன்னார்கள். ஆரோக்கியமேரி தீக்காய வார்டில் இன்னும் கண் திறக்கவில்லை. ஓட்டல் வாசலில் நாகராஜ் இரண்டு கையிலும் கட்டுப் போட்டு நின்றிருந்தார். கக்கத்தில் இடுக்கியிருந்த மஞ்சள் கவரை இனாயத்தின் பக்கம் நீட்டினார். அதன் ஓரம் கருகியிருந்தது.

“எடுத்துக்க. எழுவத்தோராயிரத்து நானூத்தம்பது. நீ ஞாயித்துக்கெழம சுத்தம் பண்ண, நா காசு குடுத்துட்டேன். கரண்ட் கோளாறுல பத்திக்கிச்சு. அவ்ளோதான் பாய். கடை நின்னாத்தான் மேரிக்கும் வைத்தியம் பாக்க முடியும். இன்சூரன்ஸ் வரணும்ல?”

இனாயத் கவரை வாங்கினார். கை அதுவாகப் போய் வாங்கியது. சட்டைப் பையில் வைத்துக்கொண்டு உள்ளே போனார்.

சுவரில் ‘எங்கள் கதை’ கரி பிடித்துக் கிடந்தது. கைவண்டிப் படத்தில் சிம்னிக் குழாயின் நுனி மட்டும் தெரிந்தது. சமையல்கட்டில் தீயணைப்பு அதிகாரியும், போலீஸ் ஸ்டேஷன் ரைட்டரும் இருந்தார்கள். சிம்னியின் நெற்றியில் ஸ்டிக்கர் ஓரம் சுருண்டு அப்படியே இருந்தது.

“உங்க ஸ்டிக்கரா?”

“ஆமா சார்.”

“இருபத்தெட்டாம் தேதி சுத்தம் பண்ணீங்களா?”

“பண்ணான் சார். காசு கூட குடுத்துட்டேன்” என்றார் நாகராஜ்.

அதிகாரி டார்ச்சை டக்டுக்குள் அடித்து, இனாயத்தைப் பார்க்கச் சொன்னார். உள்ளே பொட்டு அழுக்கு இல்லை. தன் வாழ்நாளில் அவர் எந்த டக்டையும் அத்தனை சுத்தமாகச் சுரண்டியதில்லை. எல்லாவற்றையும் நெருப்பு தின்றுவிட்டு, நீலம் பாய்ந்த வெறும் தகரத்தை விட்டுப் போயிருந்தது. அதில் ஆணிக் கீறல் தெளிவாகத் தெரிந்தது. 6-8-24.

“இது யார் எழுதினது?”

இனாயத் அந்தத் தேதியைப் பார்த்துக்கொண்டே நின்றார். பட்டறை ஷட்டரின் இரண்டு பூட்டுகளும் அவர் கண்முன் வந்தன. காதுக்குப் பின்னால் நாகராஜின் மூச்சு கேட்டது.

“நான்தான் சார். சுத்தம் பண்ணா அங்க தேதி கீறுவேன். அதுக்கப்புறம் நான் பண்ணல. யாரும் பண்ணல. பண்ணாமலே சீட்டு ஒட்டினேன்.” பையிலிருந்து கவரை எடுத்து மேடைமேல் வைத்தார். “இதுக்காக ஒட்டினேன்.”

“பாய்!” என்றார் நாகராஜ்.

ரைட்டர் கவரைப் பிரித்தார். எச்சில் தொட்டு இரண்டு தடவை எண்ணினார். பிறகு ஒரு தாளில் எழுதி, உரக்கப் படித்தார்: நாகராஜ் கொடுத்தது, இனாயத் பெற்றுக்கொண்டது, ரூபாய் எழுபத்தோராயிரத்து நானூற்று ஐம்பது மட்டும். தொகை வழக்கில் சேர்க்கப்படுகிறது.

“ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க.”

நாகராஜின் இரண்டு கையும் கட்டுக்குள் இருந்ததால் மை தடவிய பஞ்சில் கட்டுக்கு வெளியே நீண்டிருந்த விரல் நுனியை ஒற்றி வைத்தார்கள். இனாயத் தன் பெயரை முழுதாக எழுதினார். ரைட்டர் தாளை மடித்து, கவரோடு சேர்த்து அரக்கு வைத்தார். நாகராஜ் இனாயத்துக்குத் தர வேண்டியது இனி ஒன்றுமில்லை.