ஆறுல ஆட்டுங்க, டீச்சர்

எங்கள் பள்ளியில் என் பாடத்துக்கு வாழ்வியல் தொழில்நுட்பம் என்று பெயர். வாரத்துக்கு இரண்டு பீரியட். அதில் ஒன்றைக் கணக்கு வாத்தியார் ஷியாவ் கடன் வாங்கிக்கொண்டு போவார். பரீட்சை நெருங்கினால் இரண்டையும். திருப்பித் தந்ததாகச் சரித்திரமே இல்லை. அதனால் மற்ற வகுப்புகளெல்லாம் சாப்பிட்டுவிட்டு மேசையில் தலைவைத்துத் தூங்கும் மதிய நேரத்தில்தான் என் பிள்ளைகள் பட்டறைக்கு வருவார்கள்.

இந்தப் பருவத்துக்கு நான் கொடுத்த வேலை, மரக்குச்சியில் நாலு மாடி வீடு. குளூ கன்னால் ஒட்டி, மாடிக்கு மாடி இரும்புக் கட்டி வைத்து, ஆட்டும் மேசையில் நிறுத்தி, நிலநடுக்கத்தின் வலுவுக்கு எண் போட்ட திருகை ஒன்றிலிருந்து ஏற்றிக்கொண்டே போகவேண்டும். விழும்வரை ஆட்டுவதுதான் பாடம். எங்கே முறிந்தது என்று பார்த்தால்தான் ஏன் முறிந்தது என்று புரியும். அடிக்கடி நிலம் நடுங்குகிற எங்கள் கடலோர ஊரில் இதைவிட உருப்படியாக எதைச் சொல்லிக்கொடுப்பது?

பிள்ளைகள் மனம்போனபடி கட்டினார்கள். யா-சுன் கட்டியது மட்டும் ஊரறிந்த வீடு. போன வசந்தத்து நிலநடுக்கத்தில் சந்தைத் தெருவில் கீழ்த்தளம் நொறுங்கிச் சாய்ந்ததே, அதே வீடு. மேலே குடியிருந்த தாயும் மகனும் உயிரோடு வெளியே வரவில்லை. கீழே இருந்தது காலைப் பலகாரக் கடை. கடையை அகலப்படுத்த முன்பக்கச் சுவரையும் ஒரு தூணையும் எடுத்துக்கொடுத்த மேஸ்திரி, யா-சுன்னின் அப்பா.

அவர்மேல் கேஸ் நடக்கிறது. தான் எடுத்த சுவரும் தூணும் எந்தப் பாரத்தையும் தாங்கியவை அல்ல என்று அவர் சாதித்துக்கொண்டிருந்தார். மகள் அதை அப்படியே நம்பினாள். அந்தச் சுவரும் தூணும் இல்லாமல் அதே வீட்டைக் கட்டி, அது நிற்பதை வீடியோ எடுத்து, வக்கீலிடம் கொடுத்துவிட வேண்டும் என்பது அவள் திட்டம். குச்சி வீடெல்லாம் கோர்ட்டில் எடுபடாது என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். பதினான்கு வயசுப் பெண் அதைக் கேட்கிற நிலையில் இல்லை.

முதல் முறை அவள் வீட்டை மேசையில் வைத்தபோது, "தள்ளி நில்லுங்கடா, அவங்கப்பா வேல பாத்த வீடு," என்றான் கூடப் படிக்கும் போ-யென். அந்த வாய்க்கொழுப்புக்கு அவனை வெளியே நிறுத்தினேன். ஆனால் வீடு விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது, மூன்றாவதும் விழுந்தது. பசை காயவில்லை என்றாள். குச்சியில் ஈரம் என்றாள். இரும்புக் கட்டி கோணலாக உட்கார்ந்துவிட்டது என்றாள். நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். வேறு என்ன செய்ய?

விசாரணைக்கு முந்தின நாள் மதியம், நாலாவது வீட்டைத் தூக்கிக்கொண்டு தனியாக வந்தாள். அழுது அழுது கண் வீங்கியிருந்தது.

"அப்பா தூங்கறதே இல்ல டீச்சர். சோத்தத் தொடமாட்டேங்கறாரு. இன்னிக்குக் கண்டிப்பா வீடியோ வரும்னு சொல்லிட்டேன்."

"விழுந்துட்டா?"

"விழாது. ஆறுல ஆட்டுங்க. அன்னிக்கு நம்ம ஊருல ஆறுதான்."

வீட்டின் உயரத்துக்கு மண்டியிட்டு, போனைப் பிடித்துக்கொண்டு, திரையையே பார்த்தாள். அவள் உதடு நடுங்கியதைப் பார்த்தேன். திருகை நாலோடு நிறுத்திவிட்டு, "ஆறு," என்று உரக்கச் சொன்னேன்.

வீடு ஆடியது, முனகியது, நின்றது. அவள் ஒரு தடவை சிரித்தால் போதும் என்றிருந்தது எனக்கு.

அவள் சிரிக்கவில்லை. எந்த எண்ணில் அந்த மேசை எப்படி இரையும் என்பது இத்தனை தோல்விகளில் அவளுக்கு மனப்பாடம். எழுந்து வந்து திருகைப் பார்த்தாள்.

"ஏன் டீச்சர்?"

"நீ அழறத என்னால பாக்க முடியலடி."

"கடைக்காரம்மாவும் அழுதாங்களாம். இடம் பத்தல, யாவாரமே படுத்துருச்சுன்னு. அப்பாவாலயும் பாக்க முடியலையாம். அதான் தூண எடுத்துக் குடுத்தாராம்."

என்னைக் குத்திக்காட்ட அவள் அதைச் சொல்லவில்லை. சொல்லி முடித்தபிறகுதான் அது அவளுக்கே உறைத்தது. முகம் வெளுத்துப்போனது. எனக்கோ பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல அவமானமாக இருந்தது.

அவளே திருகை ஆறுக்குத் திருப்பினாள். வீடு முன்பக்கமாக முட்டி மடங்கி உட்கார்ந்தது. இரும்புக் கட்டிகள் தரையில் உருண்டன. அவள் படம் பிடிக்கவில்லை.

கையிலிருந்த போன் அடித்தது. எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். காதருகே கொண்டுபோகத் தெம்பில்லை போலும்.

"என்னம்மா, நின்னுச்சா?" என்றார் அவள் அப்பா.

"விழுந்துருச்சுப்பா."

பசை காய்ந்ததா, குச்சி நல்ல குச்சியா என்று அவர் கேட்பார் என நினைத்தேன். மகள் தேடித்தேடிச் சொன்ன சாக்குகளில் ஒன்றைக்கூட அவர் தொடவில்லை.

"எந்தப் பக்கம்?" என்றார்.

"கடைப் பக்கம்." அவள் குரல் உடைந்தது. "அப்பா, உங்களுக்குத் தெரியுமா?"

"தூண எடுத்த அன்னிக்கே தெரியும்மா," என்றார்.