டிஸ்பென்சர் தியாகராஜா இறக்கிவைத்த பயம்

ஜப்பான்காரன் காலத்தின் இரண்டாம் ஆண்டில், பினாங்கில் ஓர் ஆளின் பயத்தை இறக்கிவைக்க ஒரு பால் டின் அரிசி ஆனது. மரவள்ளிக்கிழங்கும் சவர்க்காரமும் நாளுக்கு நாள் விலை ஏறின. பயத்தின் விலை மட்டும் கடைசிவரை ஏறவில்லை. இந்த வியாபாரத்தை ஊருக்குள் கொண்டுவந்தவர் பழனியப்பன். சண்டைக்கு முன் தையல் மெஷின் விற்றவர், பேச ஆரம்பித்தால் ஊமையையும் தலையாட்ட வைத்துவிடுவார். ஏற்பாடு ரொம்ப எளிது. சேருகிற ஆள் தன்னைச் சேர்த்தவருக்கு ஒரு டின் அரிசி கொடுக்க வேண்டும். பிறகு தனக்குக் கீழே இரண்டு பேரைப் பிடித்துக் கை குலுக்க வேண்டும். குலுக்கியதும் இவருடைய பயம் இரண்டாகப் பிரிந்து அவர்களுக்குள் இறங்கிவிடும். சொந்தப் பயத்தோடு மேலேயிருந்து வந்ததையும் எத்தனை நாள் சுமப்பது? அவர்களும் ஆளுக்கு இரண்டு பேரைத் தேடி ஓடுவார்கள். கீழே யார் சேர்ந்தாலும் மேலே இருப்பவருக்கு ஒரு பிடி அரிசி வந்துகொண்டே இருக்கும். ஆகக் கடைசியில் நிற்பவன் என்ன செய்வான் என்று ஒருவரும் கேட்கவில்லை. அரிசி வருகிற நேரத்தில் யார் அதையெல்லாம் கேட்பார்கள்.

தியாகராஜா ஆஸ்பத்திரி ஒன்றில் மருந்து கலந்து கொடுக்கும் டிஸ்பென்சர். யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனிதர், ஆனால் ஊரறிந்த பயந்தாங்கொள்ளி. ஒரே மருந்தை இரண்டு தடவை நிறுப்பார். வீட்டுக்குக் கிளம்பிப் பாதி வழி போனவர் போத்தலை மூடினோமா என்று திரும்பி ஓடிவருவார். கூட இருந்தவர்கள் சிரிப்பார்கள். அவர் கையால் மருந்து குடித்து யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை. ஒருநாள் காலையில் சாலை முனையில் நின்ற ஜப்பான் சிப்பாய், சரியாகக் குனியவில்லை என்று அவர் கன்னத்தில் அறைந்தான். அன்றைக்குப் பார்த்துப் பழனியப்பன் மருந்து ஜன்னலில் வந்து நின்றார்.

“அண்ணே, ஜப்பான்காரன் சம்பளம்னு குடுக்குற வாழைமரப் படம் போட்ட நோட்ட வச்சு ஒரு கோழி முட்ட வாங்க முடியுமா? வேலைய விடச் சொல்லல லா. வேல பாட்டுக்கு வேல, இது ஒரு பக்கமா ஓடட்டும். உங்களத் தெரியாத ஆளு இந்த ஊர்ல யாரு?”

தியாகராஜா சேர்ந்தார். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் முன்பு நாசி கண்டார் சோற்றுக்கடை போட்டிருந்து, இப்போது அவித்த கிழங்கு விற்கும் அப்துல் ரசாக்கின் கையை முதலில் குலுக்கினார். அடுத்தது, வீட்டில் சவர்க்காரம் காய்ச்சும் நல்லம்மாள். அன்று மாலை விசிலடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். அரிசி வர ஆரம்பித்தது. மதியம் ஜன்னலைச் சாத்திவிட்டு ஆள் பிடிக்கிறவர்களுக்குப் புத்தி சொல்லக் கிளம்பிவிடுவார். நோயாளிகள் வெயிலில் நிற்பார்கள். தராசைத் தொடுவதை விட்டார். எல்லாம் கண்ணளவுதான். குணவதி என்ற பெண் மலேரியாவோடு வந்தாள், கண்ணளவில் கூடுதலாக விழுந்த குயினைனைக் குடித்தாள், இரண்டு காதும் போனது. அவளைப் பார்த்துக்கொண்டு நின்ற தியாகராஜா, தனக்குள் ஏதாவது பதறும் என்று காத்திருந்தார். ஒன்றும் பதறவில்லை. அதே வாரம் பழனியப்பன், பயம் துளியும் இல்லாததால், சிப்பாய்க்குக் குனிய மறந்து ஏதோ வேடிக்கை பேசினார். லாரியில் ஏற்றிப் போனார்கள். அதற்குப் பிறகு அவரைப் பார்த்தவர் இல்லை.

பிறகு தியாகராஜாவின் மனைவி செல்வநாயகிக்குக் காய்ச்சல் கண்டது. கட்டில் உதறுகிற மலேரியா. அவர் குயினைன் கலந்து எடுத்துவந்தார்.

“இதை எத்தினை தரம் தராசிலை வைச்சனீங்கள்?” என்று கேட்டாள்.

“தராசு தேவையில்லை. கைக்குத் தெரியும்.”

“அப்ப எனக்கு வேண்டாம். பயமில்லாமல் கலந்த மருந்தை நான் குடிக்க மாட்டன்.”

“குடிக்காட்டிச் செத்துப்போவாய், செல்வம்.”

“பாருங்கோ, இதைச் சொல்லேக்கையும் உங்கட குரல் நடுங்கேல்லை.” சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

கொடுமை என்னவென்றால், அவள் சொன்னது சரி என்று அவருக்குப் புரிந்தது. மனதில்தான் ஒன்றும் உறைக்கவில்லை. தலை வேறு ஆள், உடம்பு வேறு ஆள் என்று ஆகிவிட்டது. தலை சொன்னதைக் கேட்டு, விட்ட பயத்தைத் தேடிப் புறப்பட்டார். ரசாக் ஒரு ஃபெரி ஊழியரைக் காட்டினார், அவர் அக்கரையில் ஒரு வண்டிக்காரரைக் காட்டினார். நல்லம்மாள் காட்டிய வழியும் சுற்றிச் சுற்றி அதே பக்கம்தான் போனது. இரண்டு வழியும் புக்கிட் மெர்தாஜாம் ரயில் நிலையத்தின் சரக்குக் கொட்டகையில் முடிந்தன. அங்கே காவல்காரன் பக்கிரிசாமி குந்தியிருந்தான். அவனோடு இருந்தவர்களையெல்லாம் சயாமில் ரயில்பாதை போடப் பிடித்துப் போய்விட்டார்கள். கை குலுக்க அவனுக்கு ஆளில்லை. காற்றே இல்லாமல் கொட்டகைத் தகரம் தடதடத்தது. அந்தக் கூரையில் காக்கை உட்கார்ந்து மாதக்கணக்காகிறது என்று நிலையத்தில் சாதாரணமாகச் சொன்னார்கள்.

“உங்களது எதுன்னு தெரியாதுங்க சார்,” என்றான் பக்கிரிசாமி. பற்கள் அடித்துக்கொண்டன. “எல்லாம் ஒன்னாக் கலந்து கெடக்கு. புருஷன் திரும்ப மாட்டான்னு ஒரு பொம்பள பயம் இருக்கு. ஊர் போய்ச் சேர மாட்டோம்னு ஒரு ஜப்பான்காரப் பையனோடதும் இருக்கு, அவன் யார்கிட்ட சேந்தானோ. எடுத்தா மொத்தமா எடுங்க.”

தியாகராஜா யோசிக்காமல் கையை நீட்டினார். பயமில்லாமல் அவர் செய்த கடைசிக் காரியம் அது.

திரும்பிவந்த ரயிலில் அவர் இருந்த பெட்டி மட்டும் நடுங்கியது. ஃபெரியில் தண்ணீரைப் பார்க்க முடியாமல் கண்ணை மூடிக்கொண்டார். சிப்பாய்களுக்குக் குனிந்தார், விளக்குக் கம்பங்களுக்கும் குனிந்தார், நாய்க்குக்கூடக் குனிந்தார் என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள். குணவதியின் காதுகள் ஞாபகம் வந்தபோது நடுத்தெருவில் உட்கார்ந்து அழுதார். அவள் பிழைத்திருக்கிறாளே என்ற ஆறுதல்கூட அவருக்கு வரவில்லை. ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும் அலமாரியில் இருந்த போத்தலெல்லாம் ஒன்றோடொன்று மோதின. தராசையும் குயினைனையும் வீட்டுக்கு எடுத்துவந்து, செல்வநாயகியின் கட்டிலருகே வைத்து நிறுத்தார். கொட்டினார். மறுபடி நிறுத்தார். ஒரு தூள் கூடினால் செத்துவிடுவாள், ஒரு தூள் குறைந்தாலும் செத்துவிடுவாள் என்று முணுமுணுத்தபடி திரும்பத் திரும்ப நிறுத்தார். கண்ணைத் திறக்க முடியாமல் கிடந்தவள் தராசுத் தட்டுகள் கிடுகிடுக்கும் சத்தத்தைக் கேட்டாள்.

“போதும். கொண்டாங்கோ,” என்றாள். சிந்தாமல் இருக்க அவர் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முழுவதையும் குடித்தாள். சில நாளில் காய்ச்சல் இறங்கியது.

ஜப்பான்காரன் போனான், வெள்ளைக்காரன் வந்தான், அவனும் போனான். தியாகராஜாவின் நடுக்கம் போகவில்லை. குணவதிக்குக் காது திரும்பவில்லை. மாதம் ஒருமுறை அவள் வீட்டு வாசலில் போய்த் தலை குனிந்து நிற்பார், அவள் கதவைத் திறக்க மாட்டாள். பயத்தை அன்று இறக்கிவைத்தவர்கள், கொஞ்சமாவது திரும்ப வேண்டும் என்று ஒவ்வொருவராக அவரிடம் வரத் தொடங்கினார்கள். பிள்ளை கிணற்றை எட்டிப் பார்த்தாலும் பதறாத தாய்மார், வளைவில் வேகம் குறைக்கத் தெரியாத பஸ் ஓட்டுநர்கள். எது யாருடையது என்று அவருக்கும் தெரியாது. ஆளைப் பார்த்து, தொழிலைக் கேட்டு, சுண்டுவிரல் நுனியை மட்டும் நீட்டி அளந்து கொடுப்பார். கூடக் கேட்டால் கொடுக்க மாட்டார். ஃபெரி ஓட்டுகிற தங்கராஜு மழைக்காலத்தில் வேலைக்குப் போகுமுன் வந்து, அந்த விரலைத் தொட்டு, முகம் வெளுத்துப் படியிறங்கிப் போவார். ஃபெரி மெதுவாகப் போகும். ஆட்கள் அக்கரையில் இறங்கி அவரவர் வேலையைப் பார்க்கப் போவார்கள்.