ஒரு பாட்டில் தண்ணீருக்கு இரட்டை வரி

காலண்டர் மாமா எப்போது ஊருக்குக் கிளம்புவார் என்பதை அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. பின்னந்தலையைப் பார்த்தால் போதும். முடி காதை மூடினால் பாதிக் காலம் போயிற்று. சட்டைக் காலரில் படுத்தால் டிக்கெட் விலை விசாரிக்கிறார். காலருக்குள் நுழைந்துவிட்டால் பெட்டி பரணிலிருந்து இறங்கிவிட்டது. கட்டடத்தில் அவருக்கு அந்தப் பெயர் வந்தது இப்படித்தான். வைத்தவள் தரைத்தளத் தையற்காரி. நேரில் பார்த்தால் மட்டும் வாய் நிறைய "சார்" என்பாள்.

அவருக்கு முடி வெட்ட உலகத்திலேயே ஒருவருக்குத்தான் தெரியும். அந்த ஒருவர் பழைய ஊரில் இருந்தார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அதே நாற்காலி, அதே கை. மகள் குடும்பம் இருக்கும் இந்த நாட்டுக்கு மனைவியோடு வந்து வருஷங்கள் ஓடிவிட்டன. தெருமுனையிலேயே ஒரு சலூன் இருக்கிறது, ஆள் நல்லவன், கூட்டமும் இல்லை. இருந்தும் பேச்சுவார்த்தை இல்லாத சொந்தக்காரர் வீட்டைத் தாண்டுவதுபோல, மாமா எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டே அந்தக் கடையைக் கடப்பார்.

லிஃப்ட் கம்பெனியில் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பென்ஷன் அங்கேயிருந்து மாதம் தவறாமல் வரும். கட்டடத்து லிஃப்டுக்கு வெளியே காதை வைத்துக் கேட்டுவிட்டு, "ப்ரேக் லைனிங் தேஞ்சிருக்கு, எழுதி வெச்சுக்கோங்க" என்று போகிறவர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். யாரும் எழுதி வைத்துக்கொண்டதில்லை. அவர் மட்டும் மூன்றாம் மாடிக்குப் படியேறியே போவார். மாமி லிஃப்டில் போய், கதவைத் திறந்து, கால் கழுவி, டீக்குத் தண்ணீர் வைத்த பிறகு இவர் மூச்சிரைக்க வந்து சேருவார்.

கட்டடத்தில் யார் கேட்டாலும் "நாங்க இங்கயே செட்டில் ஆயாச்சு" என்பார். பழைய ஊர் நண்பர்கள் போனில் கேட்டால், "பொண்ணைப் பார்க்க வந்தேன், விட மாட்டேங்கறா, கொஞ்ச நாள் இருந்துட்டு வரேன்" என்பார். மாப்பிள்ளை நிழலில் போய் ஒண்டமாட்டேன் என்று பிரிவுபசார விழாவில் மைக் பிடித்து முழங்கியவர் வேறென்ன சொல்வார்? அதனால்தான் மகள் வீட்டில் இல்லாமல், அவள் வீட்டுக்கு நேர் கீழே தனி வாடகை வீடு.

பழைய ஊர் வீட்டை அவர் விற்கவில்லை, வாடகைக்கும் விடவில்லை. சும்மா பூட்டி வைத்திருந்தாலும் பரவாயில்லை. கட்டிலில் விரிப்பு விரித்தபடி, சுவர்க் கடிகாரம் ஓடியபடி, ஃப்ரிட்ஜ் உறுமியபடி அப்படியே இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் வாரம் ஒருமுறை மாமாவின் ஸ்கூட்டரை உதைத்துப் பார்ப்பார். அந்த ஃப்ரிட்ஜுக்குள் இருந்தது ஒரே ஒரு பாட்டில் தண்ணீர். போய் இறங்கியதும் குளிர்ந்த தண்ணீர் குடிக்க வேண்டுமாம்.

இந்த நிலைமையில்தான் இங்கே இருக்கும் வரி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. நீங்கள் இந்த நாட்டில் வசிப்பவர், வெளிநாட்டிலிருந்து உங்களுக்கு பென்ஷன் வருகிறது, ஏன் கணக்குக் காட்டவில்லை என்று கேட்டிருந்தார்கள்.

மாமா அலட்டிக்கொள்ளவில்லை. "அங்கயே பிடிச்சுக்கிட்டுத்தான் மிச்சத்தை அனுப்பறான். ஒரு காசுக்கு ரெண்டு பேரா வரி கேப்பாங்க?"

மேல் வீட்டிலிருந்து இறங்கி வந்த மகள் கடிதத்தை இரண்டு தடவை படித்தாள். "கேப்பாங்கப்பா. இங்க குடியிருக்கிறவங்க எங்கேருந்து சம்பாதிச்சாலும் இங்க சொல்லணும். அங்க எதுக்குப் பிடிக்கிறாங்க தெரியுமா? நீங்க இன்னும் அங்கதான் இருக்கீங்கன்னு அவங்க நினைச்சிட்டிருக்காங்க. விலாசம் மாத்தினீங்களா?"

"மாத்துவானேன்? அது என் வீடு."

"இந்த மாதிரி கம்பெனி பென்ஷனுக்கு ரெண்டு நாட்டுக்கும் நடுவுல ஒப்பந்தம் இருக்கு. ஆள் எங்க குடியிருக்காரோ அங்க மட்டும் வரி. இவர் எங்க ஊர்க்காரர்தான்னு இங்க ஒரு சான்று குடுப்பாங்க. அதை அங்க அனுப்பினா அவங்க பிடிக்கிறதை நிறுத்திடுவாங்க. அனுப்பாட்டி ரெண்டு பேரும் பிடிப்பாங்க."

"ரெண்டு பேரும் பிடிச்சா?"

"இந்த வீட்டு வாடகைக்குத் தேறாது. மேல வந்துடுங்க. உள் ரூம் காலியாத்தான் இருக்கு."

உள் ரூம் என்றதும் மாமாவின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. மாப்பிள்ளையின் உடற்பயிற்சி சைக்கிளும் பழைய சூட்கேஸ்களும் நிற்கும் அறை அது. மகள் படியேறிப் போகும்வரை காத்திருந்து மாமியிடம் திரும்பினார். "பேசாம ஊருக்கே போயிடலாம், ஏம்மா? வீடு தயாரா இருக்கு."

மாமி காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. "நீங்க போங்க."

"நீ?"

"நான் வரலை. எனக்கு இங்க வேலை இருக்கு."

"என்ன வேலை?"

"கேக்கறதுக்கு இத்தனை வருஷம் ஆச்சா உங்களுக்கு?"

தையற்காரி பிற்பாடு எல்லோரிடமும் சொன்னது, மாமி அன்று கத்தியைப் பலகையில் வைத்த சத்தம் தரைத்தளம்வரை கேட்டதாம். அதை முழுசாக நம்ப வேண்டாம். ஆனால் அந்த வாரம் முழுக்க இருவரும் ஒரே வீட்டில் வேறு வேறு நேரத்தில் சாப்பிட்டது உண்மை.

வரி அலுவலகத்தில் இருவரையும் வரச் சொன்னார்கள். பஸ்ஸில் போகும்போது மாமா பாடம் நடத்தினார். "எது கேட்டாலும் எல்லாம் இங்கதான்னு சொல்லு. கூடுதலா ஒரு வார்த்தை வேண்டாம்." மாமி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள். அலுவலக லிஃப்ட் தரைமட்டத்துக்கு ஒரு விரல் மேலே நின்றது. "லெவலிங் சரியில்லை" என்று சொல்லிவிட்டு மாமா படிகளைத் தேடிப் போனார்.

அதிகாரி ஒரு நடுவயதுப் பெண். சளி பிடித்திருந்தது. மேசை மேல் காகிதத்தைவிட மூக்குத் துடைக்கும் டிஷ்யூதான் அதிகம். குரல் கரகரத்தாலும் கேள்விகள் தெளிவாக வந்தன.

"ரெண்டு நாட்டிலயும் உங்களுக்கு வீடு தயாரா இருக்கு சார். அந்த வீட்டை யாருக்காவது நிரந்தரமா வாடகைக்கு விட்டிருந்தீங்கன்னா நான் உங்களைக் கூப்பிட்டிருக்கவே மாட்டேன். ரெண்டும் இருக்கிறதால, உங்க வாழ்க்கை எந்தப் பக்கம் அதிகமா ஒட்டியிருக்குன்னு பார்க்கணும். சங்கடமா எடுத்துக்காதீங்க. பல்லு வலிச்சா எங்க போவீங்க?"

"பல்லா?" மாமா தயங்கினார். பாடம் நடத்தியவரே பாடத்தை மறந்துபோனார். "அது... போன தடவை ஊருக்குப் போனப்போ பார்த்துட்டேன்."

"கண்ணாடி?"

"அதுவும் அங்க ஒருத்தர்..."

"சங்கம், கிளப்னு ஏதாவது?"

"கம்பெனி ஓய்வூதியர் சங்கத்துல செயலாளர்." இதைச் சொல்லும்போது தன்னையறியாமல் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது.

அதிகாரியின் பார்வை காலருக்குள் நுழைந்திருந்த முடிக்குப் போனது. கேட்கலாமா வேண்டாமா என்று யோசிப்பதுபோல இருந்தது. மாமி முந்திக்கொண்டாள்.

"அதுவும் அங்கதாம்மா. ப்ளேன் ஏறிப் போய்த்தான் வெட்டிக்குவார்."

அதிகாரி இருமினாள். அது சளி இருமல் இல்லை.

"நீங்க சொல்லுங்கம்மா. வெளிய போனா வீட்டுச் சாவியை யார்கிட்ட குடுப்பீங்க?"

"கீழ தையல்காரப் பொண்ணுகிட்ட. அவ கடைக்கு மத்தியானம் பட்டன் தைக்கப் போவேன். காசெல்லாம் இல்லை, பேச்சுத் துணைக்கு. காலையில நாலு பேரா நடக்கப் போவோம். நான் வரலைன்னா காலிங் பெல் அடிச்சுடுவாங்க. முழங்காலுக்கு ரெண்டு தெரு தள்ளி ஒரு டாக்டரம்மா. நான் உள்ள நுழைஞ்சதும் எந்தக் கால்னு கேக்காம வலது காலைத் தொடுவாங்க." மாமி கொஞ்சம் யோசித்தாள். "ஊர்ல எனக்கு யாரும்மா இருக்கா? அங்க ஒரு பாட்டில் தண்ணி இருக்கு. அதுக்குத்தான் நாங்க ரெண்டு பக்கமும் வரி கட்டப்போறோம்."

மாமா மனைவியைத் திரும்பிப் பார்த்தார். பட்டன் தைக்கும் விஷயம் அவருக்குப் புதுசு. மத்தியானம் அவர் தூங்குகிற நேரம் அது. தூங்காத நேரத்தில் ஊர் நண்பர்களோடு போனில் இருப்பார். கட்டடம் முழுக்கத் தெரிந்த சங்கதி, கட்டிய புருஷனுக்குத் தெரியாது.

அதிகாரி பேனாவை மூடி, ஒரு படிவத்தை மாமா பக்கம் நகர்த்தினாள். "அம்மா பதில் இந்தப் பக்கம், உங்க பதில் அந்தப் பக்கம். பென்ஷன் உங்களோடது. குடும்பம் இங்க இருக்கிறது உங்களுக்குச் சாதகம்தான், ஆனா அது மட்டும் போதாது. அந்த வீட்டை என்ன பண்றதுன்னு முடிவு பண்ணிட்டு வாங்க. இதுல, என் வசிப்பிடம் இதுதான், சொன்னதெல்லாம் உண்மைன்னு நீங்க கையெழுத்துப் போடணும்."

"போட்டுட்டா போதுமா?" என்றாள் மாமி.

"உண்மையா இருந்தா போதும்."

மாமா படிவத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பேனா கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்தது. அவர் எடுக்கவில்லை.

பஸ் நிறுத்தத்தில் மாமி கேட்டாள். "போட்டிருக்கலாமே. வேலை முடிஞ்சிருக்கும்."

"ஏறிப் பார்க்காத லிஃப்டுக்கு நான் கையெழுத்துப் போட்டதில்லை, தெரியுமில்ல? மேனேஜர் வந்து கெஞ்சியிருக்கார். மினிஸ்டர் வரார், திறப்பு விழான்னு. போடலை. தரைத்தளத்துலேருந்து உச்சி வரைக்கும் நானே ஏறி, கதவு மூடி, நடுவுல நிறுத்தி, திரும்ப இறங்கி வந்தாத்தான்."

"நடுவுல நிறுத்தினதுதான் தெரியுதே. ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னுக்கிட்டு, உள்ள நானும் இருக்கேங்கறதை மறந்துட்டீங்க."

பஸ் வரும்வரை அவர் தரையையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பக்கம் நின்ற ஒரு பெண்மணி, பெரியவருக்கு உடம்பு சரியில்லையா என்று மாமியிடம் கேட்டாளாம்.

வீட்டுக்கு வந்ததும் போனை எடுத்தார். பழைய ஊர்ப் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டார். மாமி அடுப்படியில் நின்று காதைத் தீட்டிக்கொண்டாள்.

"ஒரு உதவி. ஃப்ரிட்ஜை அணைச்சுடுங்க. அந்தத் தண்ணியை ஏதாவது செடிக்கு ஊத்திடுங்க... இல்லை, ரிப்பேர் இல்லை. வீட்டை வாடகைக்கு விடலாம்னு இருக்கேன். நல்ல குடும்பமாப் பாருங்க... வருவேன், வருவேன். வராம எங்க போறேன்? வந்தா ஹோட்டல்ல தங்கிக்கறேன்."

அந்தப் பக்கத்துக் குரல் போனைத் தாண்டி அடுப்படிக்கே கேட்டது. "என்ன சார் பேசறீங்க, எங்க வீடு என்ன ஆச்சு?"

மாமா போனைக் காதிலிருந்து விலக்கிப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் மறுபடி காதில் வைத்தார். "சரி," என்றார். "உங்க வீட்டுக்கே வரேன்." மாமி டீயைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு, பார்க்காததுபோல் உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலை தெருவே பார்த்தது. மாமா சலூன் வாசலில் நின்றார். உள்ளே போனார். வெளியே வந்தார். மறுபடி உள்ளே போனார்.

"உக்காருங்க சார்," என்றான் முடிதிருத்துபவன். "இத்தனை வருஷமா எதிர்ப்பக்கமே பார்த்துக்கிட்டுப் போவீங்க. அங்க என்னதான் இருக்குன்னு நானும் ஒருநாள் போய்ப் பார்த்தேன். செவுருதான் இருந்துச்சு." துணியைப் போர்த்தினான். "எப்படி வெட்டணும்?"

மாமாவுக்கு அந்தக் கேள்விக்கு விடை தெரியவில்லை. ஊர்க்காரர் ஒருநாளும் கேட்டதில்லை, இவரும் சொன்னதில்லை. கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டே முழித்தார். பிறகு கதவுப் பக்கம் திரும்பினார். எதிர்பார்த்தபடியே மாமி வாசலில் நின்றிருந்தாள், கையில் பையோடு, ஏதோ கடைக்குப் போகும் வழியில் தற்செயலாக வந்தவள்போல.

"நீயே சொல்லேன். எப்படியிருக்கும் வழக்கமா?"

"காது தெரியணும்," என்றாள் மாமி, உள்ளே வந்தபடி. "பின்னால ரொம்பக் குறைக்காதே தம்பி, அங்க ஒரு தழும்பு இருக்கு. மேல எண்ணெய் வெச்சுப் படிஞ்சா போதும். இடது பக்கம் வகிடு. இவர் வலதுன்னுதான் நினைச்சுக்கிட்டிருப்பார், கண்ணாடியில பார்த்துப் பார்த்து."

கத்தரி ஓடியது. நரைமுடி துணியில் கொத்துக்கொத்தாக விழுந்தது. மாமா கண்ணை மூடிக்கொண்டார். ஒரு பக்கம் கொஞ்சம் தூக்கலாகத்தான் வந்தது. தையற்காரி அளந்தே சொன்னாள். மாமாவும் கண்ணாடியில் அதைக் கவனித்தார். வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார்.

"அடுத்த தடவை சரி பண்ணிடறேன் சார்," என்றான் முடிதிருத்துபவன்.

"எப்ப வரணும்?"

"மாசம் ஒருதரம் வந்தா நல்லா நிக்கும்."

மாமா சட்டைப் பையிலிருந்து படிவத்தை எடுத்து, சீப்புகளை ஒதுக்கிவிட்டு, கண்ணாடிக்குக் கீழே இருந்த பலகையில் விரித்தார். "பேனா இருக்கா?" என்றார்.